கம்பிச் சக்கரத்தையும் அளந்து எழுதுங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிகளையும் கார்களையும் பழம்பெரும் வாகனங்களாக ஏற்று, ‘விஏ’ என்ற தனி எண் வரிசையைத் தந்தது. வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான புல்லட்டுகளில் 1970களைச் சேர்ந்தவை இப்போது ஆண்டுதோறும் இந்த வயதைத் தொடுகின்றன. அவற்றின் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பிறப்பைச் சொல்லிவிடும். சக்கரத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது. அதனால்தான் கம்பிச் சக்கரத்தை அளந்து, அந்த அளவுகளைப் பதிவு ஆவணத்தோடு சேர்க்க வேண்டும் என்கிறேன்.

கம்பிச் சக்கரங்களைக் கண்ணால் மட்டும் பார்த்து இனம் பிரிப்பது கடினம். புல்லட் பல பத்தாண்டுகள் 19 அங்குல ரிம்மில் ஓடியது, மைசூர் ஜாவாவுக்கு 16 அங்குலம் என்பதெல்லாம் எளிதில் தெரிந்துவிடும். ஏமாற்றுவது ரிம்மின் ஓட்டைகள்தான். ஹப்பின் விளிம்பு எவ்வளவு பெரிதோ, அதற்கேற்ற சாய்வில்தான் அவற்றைக் குத்தியிருப்பார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று வேறு ஹப்புக்கான ரிம்மைக் கோத்தால், கம்பி, அதை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிளின் வாயிலேயே வளைந்து நின்று, நாளடைவில் அங்கேயே ஒடியும். கார்களில் கதை இன்னும் விரிவானது. மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு, ஒரு காலத்தில் செய்த ‘மாடல் ஏ’ காரின் சக்கரத்தில் நிப்பிளே இல்லை. கம்பிகள் வெல்டு செய்யப்பட்டவை. 1928, 1929 கார்களுக்கு 21 அங்குலம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 19. சக்கரமே காலத்தைச் சொல்லும் அழகான சான்று இது. பிரிட்டிஷ் கார்களில் பரவிய ரட்ஜ்-விட்வொர்த் சக்கரமோ நடுவில் ஒற்றை நட்டால் இறுகுவது. அதன் பல்வரிசை ஹப் 42, 52, 62, 80 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் வந்தது; இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர். ஹப்பைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் ஓட ஓட நட்டு தளரும்.

கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் வரையிலான கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இப்படி அளந்து எழுதுவது அவசரமும்கூட. உப்புக் காற்று நிப்பிளுக்குள் புகுந்து அதைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிவிடும். டியூபுக்கு அடியில் ரிம் உள்ளிருந்தே அரிக்கும். அகலத்தைக் காட்டும் ‘டபிள்யூஎம்2’ போன்ற பொறிப்பைத் துரு தின்றபின் படிக்க வழியில்லை. கழற்றிய சக்கரம் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் குவியலில் சேர்ந்துவிட்டால், அது எந்த வண்டியுடையது என்று சொல்ல எந்தச் சீட்டும் கூடவே போவதில்லை.

சக்கரம் தேய்கிற பொருள், டயரைப் போல மாற்றத்தானே வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. துருவேறிய கம்பியில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். புதுக் கம்பி கோத்துக் கோட்டம் எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை. எதை எடுத்து எதை வைத்தோம் என்று எழுதாமல் விடுவதைத்தான் குறை சொல்கிறேன். பழைய ரிம்மின் அளவு கையில் இருந்தால்தான் புதிதையும் சரியாக வாங்க முடியும். பாதுகாப்புக்கும் அதுவே வழி. வேலைப்பளுவில் திணறும் வாகன ஆய்வாளர் தலையில் இதையும் கட்டுவதா என்ற ஆட்சேபம் கனமானது. அதனால் அளக்கும் பொறுப்பு உரிமையாளருக்கே இருக்கட்டும். ரிம்மின் விட்டம், அகலம், கம்பி எண்ணிக்கை, கோப்பு முறை, ஹப் விளிம்பின் விட்டம், பொறிப்புகள், இரு பக்கப் படங்கள்: எல்லாம் ஒரே தாளில் அடங்கும். கோட்டம் எடுக்கத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் அரை மணி நேரத்தில் அளந்து தருவார். ‘விஏ’ விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் வாங்கிக் கோப்பில் வைப்பதைச் செங்கல்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் முதலில் தொடங்கலாம்.