கடைசி நாட்களில் யார் சொல் செல்லும்?

மனிதன் தன் சொத்துக்கு உயில் எழுதுகிறான். தன் உடலுக்குக் கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்க அவனுக்கு உரிமை உண்டா? உண்டு என்று 2018 மார்ச் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கௌரவமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது ஷரத்தில் அடங்கியதே என்பது அத்தீர்ப்பின் சாரம். மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் அவசியம் என்றிருந்த நிபந்தனையை நீக்கி, இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரும் போதும் என்று 2023 ஜனவரியில் அதே கோர்ட்டு விதியைத் தளர்த்தியது.

உரிமை வந்துவிட்டது, ஆனால் அதைப்பற்றிக் கேட்பார் யார்? முதியவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். டாக்டர் மகனிடம் பேசுகிறார். மகன் சுற்றத்தாரைக் கலக்கிறான். படுத்திருப்பவரை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. "தெரிந்தால் மனம் உடைந்துவிடும்" என்பது நாம் கூறும் சமாதானம். அது அன்பினால் எழுவதே. ஆயினும், அன்பின் பெயரால் ஒருவர் வாயை அடைப்பது நியாயமாகாது. வெண்டிலேட்டர் வைப்பதா, வேண்டாமா என்று நள்ளிரவில் பிள்ளைகள் தத்தளிப்பது இந்த மௌனத்தின் பலனே.

இப்பேச்சைத் தொடங்க நர்ஸைவிடத் தகுந்தவர் இல்லை. டாக்டர் வந்து போகிறவர். நர்ஸ் கூடவே இருப்பவர். "நான் வீடு திரும்புவேனா, அம்மா?" என்று தூக்கமற்ற முதியவர் கேட்பது அவரைத்தான். பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ் அருணா ஷான்பாகை, 2015-ல் அவர் இறக்கும்வரை அங்குள்ள நர்ஸுகளே பேணினர். அவருக்காகப் பேசும் உரிமை அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியதை மறக்கலாகாது.

பேசும் முறை ஒன்று உண்டு. நெருக்கடி நாளில் அல்ல, உடல் சற்றுத் தேறியிருக்கையில் பேசவேண்டும். நோயைப்பற்றி அவர் அறிந்தது என்ன, அவருக்கு முக்கியமானது எது, தாம் பேச இயலாதபோது தமக்காக யார் பேசவேண்டும் என்று வினவி, பொறுமையாகக் கேட்கவேண்டும். நோயின் போக்கை விளக்குவது டாக்டரின் பொறுப்பு. பேச விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. விடையைக் குறித்து வைத்து, பிறகும் கேட்கவேண்டும். மனம் மாறுவது இயல்பு.

முதியோரைக் கைகழுவும் சூழ்ச்சி இது என்று சிலர் ஐயுறலாம். "எல்லாச் சிகிச்சையும் வேண்டும்" என்பதும் ஒரு விடையே. அதற்கும் தலைவணங்க வேண்டும். செலவைக் குறைக்கும் நோக்கம் இதில் நுழைந்தால் அது பெரும் துரோகமாகும்.

ஆகவே, நர்ஸுகளுக்கு இதில் பயிற்சியும், பேசுவதற்கு அவகாசமும், அவர்கள் குறித்த சொல்லுக்கு டாக்டர்களிடம் மதிப்பும் கிடைக்கும்படி சர்க்காரும் ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் செய்யவேண்டும். வாசகர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றே கேட்பார்களாக.