முட்டுக்கட்டை என்றால் மரக்கட்டை அல்ல

ஜீப்புக்கு பம்ப் ஸ்டாப் ரப்பரை வீட்டிலேயே செய்து மாட்டலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்பதுதான் என் கட்சி. என் தங்கை பேரன் ஒரு பழைய மகிந்திரா ஜீப்பை வாங்கி, பட்டையை உயர்த்தி, பெரிய டயர் போட்டு வைத்திருக்கிறான். அந்த உயரத்துக்குக் கடையில் விற்கிற ரப்பர் எட்டாது. "தாத்தா, இரும்புக் குழாயை வெட்டி வெல்டு வைத்துவிடட்டுமா? பலமா இருக்கும்" என்றான். அந்தப் 'பலம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எகிறும்போது அச்சு மேலே ஏறி சேசிஸில் இடிக்க வரும். இடையில் ஒரு ரப்பர் உருண்டை தொங்கி அதை வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஷாக் அப்சார்பர் கடைசிவரை மூடி, இரும்பும் இரும்பும் மோதும். டயர் மட்கார்டில் உரசும், பட்டை உடையும். எங்கள் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அதற்கு 'புய்த்தே' என்று பெயர். முட்டுவது என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. தமிழில் முட்டுக்கட்டை என்று அழகாகச் சொல்லிவிடலாம். வில்லங்கமும் அங்கேதான். கட்டை என்றதும் கட்டையையே வைத்துவிடுகிறார்கள்!

நான் குமாஸ்தாவாக இருந்த துறையில் இது நடந்தது. வண்டிகளின் லாக் புக்கும் ரிப்பேர் பில்லும் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு ஜீப்புக்கு இரண்டு ரப்பர் வேண்டும் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். மூன்று கொட்டேஷன் இல்லை என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. இரண்டு ரப்பர் துண்டுக்கு மூன்று கொட்டேஷன்! இரண்டாம் முறையும் குறிப்பு எழுதி அனுப்பினேன், அதுவும் திரும்பியது. டிரைவர் பாவம், வேலமரக் கட்டை ஒன்றைச் சீவி அந்த இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினார். கட்டை உடையவில்லை. கட்டை மாட்டியிருந்த இடத்தில் சேசிஸ்தான் விரிசல் விட்டது. அடுத்து வந்த வெல்டிங் பில்லும் மெயின் பட்டை பில்லும் மறுபேச்சில்லாமல் பாஸானது. "முசியே, வண்டி முதுகு போச்சு, என் முதுகும் போச்சு" என்று அந்த மனிதர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் ஓய்வுபெறும் வரை இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார்.

ஆகவே செய்கிறவர்கள் ரப்பரின் குணத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரப்பரை அமுக்கினால் அது சுருங்குவதாக நினைக்கிறோம். சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடம் கொடுத்தால்தான் அது ரப்பர். இரும்புக் கிண்ணத்தில் இறுக்கமாகத் திணித்துவிட்டால் அதுவும் மரக்கட்டைதான். நுனி குறுகி அடி அகன்ற கூம்பாக வெட்டினால் முதலில் மெத்தென்று வாங்கி, போகப் போகக் கெட்டிப்படும். கம்பெனி ரப்பர் பெரும்பாலும் அந்த வடிவில் இருப்பது அதனால்தான்.

டயர் துண்டுகளையும் கன்வேயர் பெல்ட்டையும் அடுக்கி போல்ட் போடுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் நூலடுக்கு ரப்பரைப் பிதுங்க விடாது, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் பந்துக்குப் பதில் அடிக்கிற ரப்பர் வில்லையை அடுக்கி மாட்டுகிறார்கள். 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். அளவு கச்சிதம், ஆனால் கெட்டி ரப்பர். உயரம் கூட்டுவதற்கு அடியில் வைக்கலாம். இடி வாங்கும் முனையில் மென்மையான ரப்பர் வேண்டும். நம்மூரில் பழைய பஸ், லாரியிலிருந்து கழற்றிய ரப்பர் பஃபர் பழைய சாமான் கடையில் கிடைத்தால் அதை வெட்டிக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீர் தொட்டு அறுத்தால் பிளேடு சிக்காது. வெடிப்பு விட்டதையும், எண்ணெயில் ஊறி உப்பியதையும் தொடாதீர்கள். நடுவில் போல்ட் போட்டால் அதன் தலை ரப்பருக்குள் ஆழமாகப் புதைந்திருக்க வேண்டும். மேலோட்டமாக இருந்தால் ரப்பர் அமுங்கும்போது போல்ட் தலைதான் அச்சைக் குத்தும்.

உயரம்தான் முக்கியம், அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஷாக்கைக் கழற்றி, முழுக்க மூடிய நிலையில் துளைக்குத் துளை அளந்துகொள்ளுங்கள். வண்டி சமதரையில் நிற்கும்போது அதே இரு துளைகளுக்கு நடுவே எவ்வளவு என்று பாருங்கள். நிற்கும்போது 15 அங்குலம், மூடினால் 11 என்றால், மிச்சம் 4. ரப்பர் ஓர் அங்குலம் அமுங்கும் என்று வைத்தால், ரப்பருக்கும் அச்சுக்கும் நடுவே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. நான் இரண்டரைதான் வைப்பேன். வண்டியை உயர்த்தி நீளமான ஷாக் போட்டவர்கள் கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அதன் மூடிய நீளமும் கூடியிருக்கும். பையன்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உயர்த்திய பிறகு நிறைய இடம் இருக்கிறதே என்று நினைப்பு.

மாட்டிய பிறகு அச்சின் மேல் ரப்பர் படுகிற இடத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஓட்டுங்கள். கரடுமுரடான வழியில் போய் வந்ததும் ரப்பர் முனையில் வெள்ளை ஒட்டியிருந்தால் அது வேலை செய்கிறது. கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்ததற்கே ஒட்டியிருந்தால், கழற்றி அரை அங்குலம் சீவுங்கள்.