கூரை மாற்றும் முன்



கோபுரம் கட்ட முனைபவன் செலவை முன்னதாகவே கணக்கிடுவதைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சீடத்துவத்தின் விலையை விளக்க நாம் அதைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். அதன் நேர்ப்பொருளை நமக்குக் கற்பித்தது கும்மிடிப்பூண்டியில் வாழும் ஒரு தொழிலாளர் குடும்பம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்தபோது அவர்களுடைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது. வேறு ஷீட்டுகளைப் போட்டுச் சில ஆண்டுகளைக் கழித்தவர்கள், மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் கான்கிரீட் தளம் போட முடிவு செய்தார்கள். “சாமி, தளம் போட்ட வீடென்றால்தான் சம்பந்திகள் மதிப்பார்கள். வேலை தொடங்க ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்” என்றார் தாய். நாமும் யோசியாமல் நாள் குறித்தோம்.

மேஸ்திரி தந்த கணக்கைப் பிறகே பார்த்தோம். 300 சதுர அடிக்கு, 5 அங்குலக் கனத்தில் 125 கன அடி கான்கிரீட். ஏறத்தாழ 28 மூட்டை சிமெண்ட். சுமார் 300 கிலோ கம்பி. ஜல்லி, மணல், சென்ட்ரிங், கூலி. எல்லாம் சரியே. ஆனால் சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்றோம். பழைய கூரையின் எடை அரை டன்னுக்கும் குறைவு. புதிய தளமோ ஏறக்குறைய 9 டன் என்றார் அவர். ஷீட்டைத் தாங்க எழுப்பிய மெல்லிய சுவரும் ஆழமற்ற அடித்தளமும் அச்சுமையைத் தாங்கமாட்டா. தூண்களும் விட்டங்களும் எழுப்பினால் செலவு இரட்டிக்கும்.

இது மிகையன்று. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வகுத்த தொகை 1.20 லட்சம் ரூபாய்; கான்கிரீட் கூரைக்கென்றே தமிழக அரசு அதனுடன் மேலும் 1.20 லட்சம் சேர்த்தது. கூரையின் விலை அத்தகையது!

தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. சிப்காட் ஆலைகளிலிருந்து கம்பி ஏற்றிய லாரிகள் நாள்தோறும் அவரைக் கடந்து செல்கின்றன. அக்கம்பியை வாங்கவோ அவர் 2 லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டியில் கடன் வாங்க எண்ணியிருந்தார். மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. அசலோ அப்படியே நிற்கும்.

“எங்களுக்கு அந்தத் தகுதி இல்லையா, சாமி?” என்று தாய் கண்ணீர் விட்டார். நமக்கு உடனே விடை வரவில்லை. முடிவில், சேமிப்புக்குள் அடங்குமாறு இரும்புக் குழாய்ச் சட்டம் அமைத்து, புதிய தகரக் கூரையை இறுக்கமாக முடுக்கினார்கள். அதனால் ஒரு வரன் தட்டிப்போனது உண்மை. ஆயினும், கடனில்லாத அவ்வீட்டிலிருந்து அப்பெண் சென்ற தை மாதம் மணப்பெண்ணாகப் புறப்பட்டாள்.

ஆகவே, கூரை மாற்ற நினைப்போர் முதலில் சுவரையும் அடித்தளத்தையும் பொறியாளரிடம் காட்டுங்கள். தளத்தில் நீர் கட்டிவைக்கும் நாள்களில் குடியிருக்க வேண்டிய இடத்தின் வாடகையையும், கடனுக்குரிய வட்டியையும் கணக்கில் சேருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை உடைக்காமல், நீர் தெளித்து இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

நாமும் ஒரு பாடம் கற்றோம். இப்போதெல்லாம் கணக்குத் தாளைப் பார்த்த பிறகே நாள் குறிக்கிறோம்.