செவிப்பறை ஆய்வும் விலங்குகளும்: எங்கள் நிலைப்பாடு

பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்தால் எல்லோர் கண்ணிலும் படுவது தீக்காயம்தான். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம் விபத்துகளில் செத்தவர்களின் கணக்கு ஊருக்கே தெரியும். வெடியில் செவிப்பறை கிழிந்து பிழைத்தவர்களின் காதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மல்லாங்கிணறு வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்கிற நாங்கள், செவிப்பறை ஓட்டை ஆறுவதைப் பற்றிய விலங்கு ஆய்வு குறித்துக் கருத்துச் சொல்வது இதனால்தான்.

எலி, கினிப்பன்றி, சின்சில்லா ஆகியவற்றின் காதுகளிலிருந்து மருத்துவம் நிறையக் கற்றிருக்கிறது. உடம்பில் வேறிடத்துப் புண் என்றால் அடியிலிருந்து சதை வளர்ந்து, அதன்மேல் தோல் மூடும். செவிப்பறையில் வெளித்தோல்தான் முதலில் ஓட்டையைக் கடக்கிறது. நடுவிலுள்ள நார் அடுக்கு பின்னால் வருகிறது, சில சமயம் வராமலே போகிறது. மூடிய இடம் மெலிந்து நிற்பது அதனால்தான். வளர்ச்சிக் காரணியில் தோய்த்த ஜெலட்டின் பஞ்சை ஓட்டையில் வைக்கும் சிகிச்சைக்கு ஜப்பான் 2019-இல் அனுமதி தந்தது. அதற்குப் பின்னாலும் விலங்குகள் உண்டு. இந்தக் கடனை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் நல்ல எலியின் காதில் ஊசியால் போட்ட ஓட்டை, எதுவும் செய்யாவிட்டாலும் பத்து நாள் வாக்கில் மூடிக்கொள்ளும். அதன்மேல் புதுப்புது ஒட்டுகளை வைத்துப் பார்ப்பதில் நோயாளிக்கு என்ன கிடைக்கும்? மனிதருக்கும் புதுக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடுகிறது. எங்கள் மக்களை வதைப்பது ஆறாத காது: விளிம்பு தடித்து, தலைக்குக் குளித்தால் சீழ் வைத்து, இரைச்சல் ஓயாமல் கேட்கிற காது. வெடியின் காற்றழுத்தம் சவ்வைத் தாறுமாறாகக் கிழிக்கிறது. கிழிந்த தோல் துணுக்குகளை நடுக்காதுக்குள் தள்ளியும் விடுகிறது. ஊசி ஓட்டை இதற்கு ஈடாகாது.

ஆகவே புது ஓட்டை போட்டு ஆற்றிப் பார்க்கும் ஆய்வுகளை எதிர்க்கிறோம். தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நாள்பட்ட ஓட்டை, வெடிக்காயம் இரண்டையும் பற்றி மனிதரிடம் அறிய முடியாத கேள்வி எழுந்தால் மட்டும் விலங்கு ஆய்வை ஏற்போம். அப்போதும் முழு மயக்கமும், பிறகு வலி மருந்தும் கட்டாயம். ஒரே விலங்கின் இரண்டு காதையும் துளைக்கக் கூடாது. தோல்வியடைந்த ஆய்வுகளின் முடிவுகளையும் வெளியிட வேண்டும்.

அதற்கு முன்னால் மனிதக் காதுகளைப் பாருங்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், தீக்காயம் இல்லாமல் தப்பியவர் உட்பட அறையிலும் பக்கத்து அறைகளிலும் இருந்த அனைவருக்கும் ஒரு வாரத்துக்குள் காதுப் பரிசோதனையும் கேள்திறன் சோதனையும் வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வேண்டும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொழிலாளியின் சம்மதத்தோடு அங்கே செவிப்பறைப் படங்களைச் சேர்த்து வந்தால், எந்த எலியும் தர முடியாத பதில்கள் கிடைக்கும்.

காது இரைந்தால் உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது இங்கே வழக்கம். சவ்வு கிழிந்த காதில் எண்ணெயும் தண்ணீரும் படக் கூடாது என்பதை ஆலை வாசல்களிலேயே சொல்லித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஆலை நிர்வாகங்கள் அதற்கு இடம் தர வேண்டும்.