பஹல்காம், மும்பை, மாலேகான்: பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

ஜூலை மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தேறின. 21ஆம் தேதி, 2006 மும்பை புறநகர் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த 12 பேரையும் மும்பை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 28ஆம் தேதி தொடங்கி மூன்று நாட்கள், பஹல்காம் தாக்குதல் குறித்தும் ஆபரேஷன் சிந்தூர் குறித்தும் நாடாளுமன்றம் விவாதித்தது. 31ஆம் தேதி, 2008 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ஏழு பேரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. இம்மூன்றும் தனித்தனி வழக்குகள், தனித்தனிக் காலங்கள். ஆயினும் மூன்றும் ஒரே கேள்வியை நாட்டின் முன் வைக்கின்றன. ஒவ்வொரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகும் "நம்புங்கள், கேள்வி கேட்காதீர்கள்" என்று மக்களிடம் சொல்லப்படுகிறது. அப்படி நம்பச் சொன்னவர்கள் மக்களுக்குக் கொடுத்தது என்ன?

ஏப்ரல் 22 அன்று பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மதத்தைக் கேட்டறிந்து, மனைவி மக்களின் கண்ணெதிரில் ஆண்களைச் சுட்டுக்கொன்ற அந்தக் கொடுஞ்செயலுக்கு எந்த நியாயமும் கிடையாது. சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர் குதிரைத் தொழிலாளி ஒருவரும் அன்று கொல்லப்பட்டார். காயமுற்றவர்களை முதுகில் சுமந்து மலையிறக்கியவர்கள் காஷ்மீரிகள். மறுநாள் பள்ளத்தாக்கு முழுவதும் கடையடைத்துத் துக்கம் அனுசரித்தது. மக்களை மதத்தால் பிளக்க நினைத்த கொலையாளிகளுக்கு காஷ்மீர் மக்கள் அளித்த முதல் பதில் அது. கணவனை இழந்த இளம்பெண் ஒருவர், இஸ்லாமியர்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள், எங்களுக்கு நீதியும் அமைதியும்தான் வேண்டும் என்றார். அதற்காகவே சமூக ஊடகங்களில் அவர்மீது வசைமாரி பொழிந்தது, தேசபக்தியைத் தங்கள் தனிச் சொத்தாகக் கருதும் கூட்டம்.

அந்தப் புல்வெளிக்கு நடந்தோ குதிரையிலோதான் செல்ல முடியும். அன்று அங்கே பெருந்திரளான சுற்றுலாப் பயணிகள் இருந்தனர். பாதுகாப்புப் படையினர் இல்லை. ஏன்? உலகிலேயே படைகள் மிக நெருக்கமாகக் குவிக்கப்பட்டுள்ள நிலப்பரப்புகளில் ஒன்று காஷ்மீர். 2019இல் 370ஆவது பிரிவு செயலிழக்கச் செய்யப்பட்டு, மாநிலம் ஒன்றியப் பிரதேசமாகச் சுருக்கப்பட்ட பிறகு, காவல்துறையும் சட்டம் ஒழுங்கும் துணைநிலை ஆளுநர் வழியாக ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன. மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு இதில் அதிகாரமில்லை. எனவே பொறுப்பு யாருடையது என்பதைத் தேட வேண்டியதில்லை. "இயல்புநிலை திரும்பிவிட்டது" என்று ஆறு ஆண்டுகளாகப் பறைசாற்றி, அந்தப் பேச்சை நம்பிய குடும்பங்களை அங்கே வரவழைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 24 அன்று நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டை அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டதாகக் கூட்டத்தில் பங்கேற்றவர்கள் தெரிவித்தனர். அக்கூட்டத்திற்குப் பிரதமர் வரவில்லை. அன்று அவர் பீகாரின் மதுபனியில் பொதுக்கூட்டத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தை எதிர்க்கட்சிகள் கோரியபோது அது ஏற்கப்படவில்லை. ஜூலை நடுவில் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா, நடந்தது பாதுகாப்புத் தோல்விதான், அதற்கு முழுப் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு நாளிதழுக்குப் பேட்டியளித்தார். பொறுப்பேற்பு அந்தப் பேட்டியுடன் முடிந்துவிட்டது. அதன் பிறகும் அவரும் பதவியில் தொடர்ந்தார், உள்துறை அமைச்சரும் தொடர்ந்தார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலைத் தொடர்ந்து உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். மகாராஷ்டிர முதல்வரும் துணை முதல்வரும் விலகினர். 1999இல் கார்கில் போர் முடிந்த சில நாட்களிலேயே வாஜ்பாய் அரசு ஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதே பாஜக இன்று, கேள்வி கேட்பதே படையினரை அவமதிக்கும் செயல் என்கிறது. 2019 புல்வாமாவில் 40 மத்திய ரிசர்வ் காவல் படையினர் பலியானபோது என்ன தவறு நடந்தது என்பதும் இன்றுவரை நாட்டுக்குச் சொல்லப்படவில்லை. வீரர்களுக்கு விமானம் கேட்டும் மறுக்கப்பட்டது என்றும், அதைச் சொன்னபோது வாய்மூடி இருக்கும்படி கூறப்பட்டது என்றும் அப்போதைய ஆளுநர் சத்யபால் மாலிக் 2023இல் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். அதற்கும் பதில் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் இறந்த வீரர்களின் பெயரால் வாக்கு மட்டும் கேட்கப்பட்டது.

மக்களவையில் பேசிய அமித் ஷா, பஹல்காம் தாக்குதலில் ஈடுபட்ட மூவரும் பாகிஸ்தானியர்கள் என்றும், விவாதம் தொடங்கிய அதே நாளில் ஆபரேஷன் மகாதேவில் அவர்கள் கொல்லப்பட்டனர் என்றும் அறிவித்தார். கொலையாளிகள் தப்பவில்லை என்பது உறவுகளை இழந்தோருக்குச் சிறிய ஆறுதலேனும் தரும். ஆனால் அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள், மூன்று மாதங்களுக்கும் மேலாகப் பள்ளத்தாக்கில் எப்படி நடமாடினார்கள், அன்று பைசரனில் ஏன் ஒரு காவலர்கூட இல்லை என்ற கேள்விகளுக்கு அந்த நீண்ட உரையில் விடையில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. தாக்குதல் நடந்த சில நாட்களில், பயங்கரவாதிகள் எனச் சந்தேகிக்கப்பட்டோரின் குடும்ப வீடுகள் காஷ்மீரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அண்டை வீடுகளும் சேதமடைந்தன. உரிய நடைமுறையின்றி வீடுகளை இடிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வந்தவர்கள் மூவரும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்று இப்போது கூறும் அரசு, தரைமட்டமான அந்த வீடுகளின் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன சொல்லப்போகிறது?

அரசு பதில் சொல்ல மறுக்கும்போது கேட்க வேண்டிய கடமை ஊடகங்களுக்கு இருக்கிறது. நமது பெரும் தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றின என்பதை மே 8 இரவில் நாடே பார்த்தது. கராச்சி துறைமுகம் அழிக்கப்பட்டது, இஸ்லாமாபாத் பிடிபட்டது, பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைதானார் என்று சைரன் ஒலிகளுக்கு நடுவே அறிவிப்பாளர்கள் கூச்சலிட்டனர். விடிந்தபோது இவற்றில் எதுவும் நடந்திருக்கவில்லை. அதே நாட்களில் எல்லையோரப் பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுகளுக்கு நமது மக்கள் பலியாகிக்கொண்டிருந்தனர். அவர்களில் ஒருவரான மதரசா ஆசிரியரை, இந்தியப் படையால் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று சில சேனல்கள் படத்துடன் ஒளிபரப்பின. பூஞ்ச் காவல்துறையே அதை மறுத்து எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. குண்டுவீச்சில் குடும்பத் தலைவரை இழந்த ஒரு குடும்பம், அவர் பயங்கரவாதி அல்ல என்றும் நிரூபிக்க வேண்டியதாயிற்று. போர் வெறியை விற்பனைச் சரக்காக்கிய கார்ப்பரேட் ஊடகங்களின் பார்வையாளர் எண்ணிக்கைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை இது.

பொய்யைப் பரப்பியோர் மீது பாயாத அதிகாரம் வேறு பக்கம் பாய்ந்தது. மே 9 அன்று 'தி வயர்' இணையதளம் முடக்கப்பட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க அரசு ஆணையிட்டிருப்பதாக எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. பாதுகாப்புத் தோல்வியைப் பற்றிக் கேள்வி எழுப்பிய நாட்டுப்புறப் பாடகி மீது லக்னோவில் வழக்குப் பாய்ந்தது. போர் வெறியைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதிய பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத் கைது செய்யப்பட்டார். இவற்றின் நடுவே, சண்டை நிறுத்தத்தை இந்திய மக்கள் முதலில் கேட்டறிந்தது டிரம்பின் வாயிலிருந்து; இந்திய விமானங்கள் இழக்கப்பட்டதை முதன்முதலில் அறிந்தது, முப்படைத் தலைமைத் தளபதி சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊடகங்களுக்கு அளித்த பேட்டியிலிருந்து. சொந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குத்தான் அவை கடைசியாக வந்தன.

கேள்வி கேட்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை ரயில் வழக்கு சாட்சி. 2006 ஜூலை 11 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய மக்களால் நிரம்பிய ரயில்களில் 11 நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 189 பேர் மடிந்தனர்; எண்ணூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். காங்கிரஸ் கூட்டணி ஆண்ட மகாராஷ்டிரத்தில் பயங்கரவாத எதிர்ப்புப் படை சில மாதங்களில் 13 இஸ்லாமியர்களைக் கைது செய்து, வழக்கு துலங்கிவிட்டது என்றது. ஊடகங்கள் அன்றே தீர்ப்பெழுதின. 2015இல் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுள் சிறையும் விதிக்கப்பட்டன. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் உயர்நீதிமன்றம் சொல்வது என்ன? ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதையால் பெறப்பட்டவை, நம்பத்தக்கவையல்ல. நூறு நாட்களுக்கு மேல் கழித்து அடையாளம் காட்டிய சாட்சிகளை ஏற்க முடியாது. வெடித்தது எவ்வகைக் குண்டு என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை. வழக்கு தீர்க்கப்பட்டதுபோன்ற பொய்த் தோற்றம் சமூகத்துக்குப் போலியான நிம்மதியைத் தருகிறது, உண்மையான ஆபத்தோ வெளியே உலவுகிறது என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. விடுதலையான 12 பேரில் ஒருவர் அதைக் காணவில்லை. 2021இல் சிறையிலேயே கொரோனாவுக்குப் பலியானார். இத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்மாதிரியாகக் கொள்ளத் தடை விதித்த உச்சநீதிமன்றமும், விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை.

இங்கே அநீதி இருமுறை நிகழ்ந்திருக்கிறது. 12 பேரின் இளமை பறிக்கப்பட்டது. 189 குடும்பங்களிடமிருந்து உண்மை பறிக்கப்பட்டது. தன் பிள்ளையைக் கொன்றவன் யார் என்று கேட்கும் தாய்க்கு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த அரசமைப்பிடம் பதிலில்லை. தவறானவர்களைப் பிடித்த அன்றே, சரியானவர்கள் தப்பிவிட்டார்கள்.

மாலேகான் வழக்கு இதன் மறுபக்கம். 2008 செப்டம்பர் 29 அன்று ரம்ஜான் மாதத்தில் அங்கே குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தனர். புலனாய்வின் வழக்கமான திசையை விட்டு விலகி, தடயங்கள் காட்டிய வழியில் சென்றவர் ஹேமந்த் கர்கரே. சில வாரங்களில் மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகளின் குண்டுக்கு அவர் பலியானார். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. 2014 ஆட்சி மாற்றத்திற்குப் பின், மென்மையாக நடந்துகொள்ளும்படி முகமை அதிகாரி தன்னிடம் கூறியதாக அரசு வழக்கறிஞர் ரோகிணி சாலியான் 2015இல் அம்பலப்படுத்தினார். முப்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தனர். முதன்மைக் குற்றவாளியாகக் கூறப்பட்ட பிரக்யா தாக்கூரை பாஜக 2019இல் மக்களவைக்கே அனுப்பியது. தீர்ப்புக்கு முந்தைய நாள் மாநிலங்களவையில், இந்து ஒருபோதும் பயங்கரவாதியாக இருக்க முடியாது என்றார் உள்துறை அமைச்சர். புலனாய்வு முகமை யாருக்குக் கட்டுப்பட்டதோ அந்த அமைச்சரின் சொல் இது. மும்பைத் தீர்ப்பு வந்த மறுநாளே மகாராஷ்டிர அரசு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. மாலேகானில் இறந்த ஆறு பேருக்காகத் தேசியப் புலனாய்வு முகமை அதே வேகத்தில் மேல்முறையீடு செய்யுமா?

இவை விதிவிலக்குகளல்ல. 2002 அக்‌ஷர்தாம் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றோர் உட்பட ஆறு பேரை உச்சநீதிமன்றம் விடுவித்தது. மோடி பிரதமராவதை உறுதிசெய்த தேர்தல் முடிவுகள் வெளியான 2014 மே 16 அன்றே அத்தீர்ப்பும் வந்தது, கொண்டாட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை. 2000 மார்ச்சில் காஷ்மீரின் சிட்டிசிங்புராவில் முப்பதுக்கும் மேற்பட்ட சீக்கியர்கள் படுகொலை செய்யப்பட்டனர். ஐந்தே நாட்களில், கொலையாளிகளான அந்நிய பயங்கரவாதிகள் என்று பத்ரிபாலில் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் உள்ளூர்வாசிகள் என்பதும், மரபணு மாதிரிகள் மாற்றப்பட்டதும் பின்னர் வெளிவந்தன. ராணுவ அதிகாரிகள் மீது மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும், 2014இல் ராணுவம் வழக்கை மூடியது. சீக்கியர்களைக் கொன்றது யார் என்பதற்கும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட விடை இல்லை.

நாம் சதிக் கதைகளை நாடவில்லை. ஆதாரமில்லாமல் அரசைக் குற்றம்சாட்டும் வதந்தியும், ஆதாரமில்லாமல் அப்பாவியைக் குற்றவாளியாக்கும் செய்தியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நமது ஐயம் எளிமையானது: சான்றைக் காட்டுங்கள், தவறுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள், நீதிமன்றம் சொல்லுமுன் தீர்ப்பெழுதாதீர்கள். இந்த ஐயம் பயங்கரவாதத்துக்கு உதவுவதில்லை. கேள்வியற்ற நம்பிக்கைதான் அதற்கு உதவுகிறது. ஏனெனில் அது தோல்வியடைந்த பாதுகாப்பையும் சோம்பலான புலனாய்வையும் அப்படியே காப்பாற்றி வைக்கிறது.

எனவே பஹல்காம் பாதுகாப்புத் தோல்வி குறித்து, கார்கில் ஆய்வுக் குழுவைப் போலச் சுயேச்சையான குழு அமைக்கப்பட்டு அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஜம்மு காஷ்மீருக்கு மாநிலத் தகுதி திரும்ப அளிக்கப்பட வேண்டும். மாலேகான் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட வேண்டும். தவறான வழக்குகளில் சிறையில் வாடியோருக்கு இழப்பீட்டை உரிமையாக்கும் சட்டத்தை, 2018இல் சட்ட ஆணையத்தின் 277ஆவது அறிக்கை பரிந்துரைத்தபடி, இனியும் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். 1997இல் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யாத சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா உறுதி செய்து, வாக்குமூலம் கறக்கச் சித்திரவதை செய்த அதிகாரிகளைத் தண்டிக்க வேண்டும்.

பைசரனிலும், மும்பை ரயில்களிலும், மாலேகானிலும் இறந்தவர்கள் பல மதத்தவர், பல மொழியினர். அவர்களுக்கு நாடு பட்டிருக்கும் கடன் ஒன்றே: உண்மை. அந்தக் கடன் தீரும்வரை உழைக்கும் மக்களும் ஜனநாயக சக்திகளும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.