பாட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் போதுமே!

ஹோம் தியேட்டர் இல்லாத ஹாலெல்லாம் ஒரு ஹாலா என்று கேட்கிற காலம் இது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் 'தும் தும்' என்று அதிர ஒரு சப்-வூஃபர்... இதுதான் 5.1! இது வீட்டுக்குள் வந்ததுமே பழைய ஸ்டீரியோ செட் பரணுக்குப் போய்விடுகிறது. "அதான் ஆறு வந்தாச்சே, இனிமே இந்த ரெண்டு எதுக்கு?" என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், படத்துக்கு ஆறு இருக்கட்டும், பாட்டுக்கு ரெண்டு இருக்கட்டும் என்பதே என் கட்சி. பழசு மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. நம் வீட்டுக் காதுகளுக்காகச் சொல்கிறேன்.

நமக்குக் காது ரெண்டு. வலப்பக்கம் ஒரு சத்தம் கேட்டால், அது வலது காதை முதலில் எட்டும். இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெலிதாகப் போகும். அந்தத் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! அதை வைத்தே மூளை, 'சத்தம் இங்கேயிருந்துதான் வருது' என்று கண்டுபிடித்துவிடும். ஸ்டீரியோவின் சூட்சுமமும் இதுதான். 1931-ல் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கமிருந்து வருகிறதே என்ற எரிச்சல்தான் அவரை யோசிக்க வைத்தது என்பார்கள். ஆக, ஸ்டீரியோவுக்கும் சினிமாவுக்கும் ஜென்மப் பகை ஒன்றும் கிடையாது!

படத்தின் ஒலி வேறு விதமாகத் தயாராகிறது. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். மழையும் ஹெலிகாப்டரும் நம்மைச் சுற்றி வரும். அதற்கு ஹோம் தியேட்டர்தான் சரி. ஆனால் பாட்டு? 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்களை ஸ்டீரியோவில் கேட்டு வியந்தோமே, அன்றுமுதல் இன்றுவரை நாம் கேட்கிற பாடல்களில் பெரும்பாலானவை இடது, வலது என்று இரண்டே சேனலில்தான் வருகின்றன. அந்த இரண்டை ஐந்தாகப் பிரித்துப் பின்னாலும் ஒலிக்கவிட்டால், பாடகரின் குரல் நம் முதுகுக்குப் பின்னாலும் கேட்கும். பாயசத்தை ஐந்து கிண்ணத்தில் ஊற்றினால் ருசி கூடுமா என்ன?

இதைவிடப் பெரிய விஷயம், சத்தம். வசனம் மெலிதாக இருக்கிறது என்று தாத்தா வால்யூமைக் கூட்டுவார். அடுத்த நிமிடமே குண்டு வெடிக்கும்! "ஏங்க, கொஞ்சம் குறைங்களேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். (நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ள பல செட்களில் வசதி உண்டு. தாத்தாவுக்கு அதுவே போதும்.)

நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்து வெறும் 20 நிமிடம்! குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம் இருக்கும். அழிந்துபோனால் திரும்ப முளைக்காது.

ஸ்டீரியோவையும் அலற விடலாமே என்பீர்கள். விடலாம்தான். ஆனால், முறையாகக் கேட்டால் அதற்கு அவசியமே வராது. இரண்டு ஸ்பீக்கர்களையும் ஆறடி இடைவெளியில், காது உயரத்தில் வையுங்கள். அவற்றிலிருந்து அதே ஆறடி தூரத்தில், நடுவாக உட்காருங்கள். பக்கத்தில் இருப்பதால் குறைந்த ஒலியே தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்திலிருந்து பாடகரின் குரல் வரும் பாருங்கள், அதுதான் ஸ்டீரியோ! ஒரு ஸ்பீக்கரை ஹாலிலும் இன்னொன்றைச் சமையலறையிலும் வைத்தால், ஆளுக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஹெட்போனில் பாடும்போது நடுவில் கேட்க வேண்டிய குரல் ஒரு பக்கமாகவே சாய்கிறதா? ஹெட்போனை இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். குரலும் பக்கம் மாறினால், கோளாறு ஹெட்போனில் அல்லது பாட்டில். அதே பக்கமே சாய்ந்தால், மற்ற காது மந்தமாக இருக்கலாம். வெறும் காதுக்குறும்பியாகவும் இருக்கலாம். எதுவானாலும் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காது திடீரென்று மந்தமானால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, ஸ்டீரியோ பிழைக்குமா? தாராளமாகப் பிழைக்கும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பல ஹோம் தியேட்டர் ரிமோட்டிலேயே 'ஸ்டீரியோ' என்றொரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் முன்பக்க இரண்டு மட்டும் பாடும். சில செட்களில் சப்-வூஃபரும் கூடச் சேரும், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆபத்தில் இருப்பது அந்த செட் இல்லைங்க. உட்கார்ந்து கேட்கிற பழக்கம்தான். சமைக்கும்போது, படிக்கும்போது, போனை நோண்டும்போது என்று பாட்டு எப்போதும் பின்னணியிலேயே ஓடுகிறது. கவனம் இல்லாத இடத்தில்தான் சத்தம் ஏறும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். டி.வி. வேண்டாம், போன் வேண்டாம். நடு இடத்தில் முறைவைத்து ஒவ்வொருவராக உட்காருங்கள். "வயலின் எந்தப் பக்கம்? தபேலா எந்தப் பக்கம்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மெல்லிய சத்தத்தைத் தேடிக் கேட்கப் பழகிய குழந்தை, வால்யூமைக் கூட்டச் சொல்லி அடம்பிடிக்காது.

இந்த வாரமே தொடங்கிப் பாருங்களேன்!