கடிகாரம் சொன்ன சாட்சி!

எலும்புக்கூட்டின் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம்!

மண்ணுக்குள் புதைந்து கிடந்த கடிகாரம் அது. முள் ஓடவில்லை. ஆனால் அதன் முகத்தில் இருந்த சிறு கட்டத்தில் கிழமையும் தேதியும் தெரிந்தன.

அது சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரம். கட்டியிருப்பவரின் கை அசைய அசைய, தானாகவே முறுக்கு ஏறிக்கொள்ளும். கை அசையாவிட்டால், ஒன்றரை நாள் அல்லது இரண்டு நாளில் நின்று போகும்.

அப்படியானால், கடிகாரம் நின்ற தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணினால், அதைக் கட்டியிருந்தவர் எப்போது இறந்தார் என்று தெரிந்துவிடும் அல்லவா?

சர்வதேச கோர்ட்டின் துப்பறியும் அதிகாரிகள் அப்படித்தான் எண்ணினார்கள். இப்படிப் பல கடிகாரங்கள் கிடைத்தன. அவை காட்டிய கிழமையும் தேதியும் 1995-ம் ஆண்டு ஜூலை மாத மத்தியோடு பொருந்தின.

அந்த ஜூலை மாதத்தில் என்ன நடந்தது?

"பாதுகாப்பான" ஊர்!

ஐரோப்பாவில் யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தது. 1991-ல் அது உடையத் தொடங்கியது. அப்படிப் பிரிந்த நாடுகளில் ஒன்று போஸ்னியா. முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோஷியர்கள் என்று மூன்று பிரிவினர் அங்கே வாழ்ந்தார்கள். ஒரே மொழி பேசியவர்கள். ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். 1992-ல் அவர்களுக்குள் யுத்தம் மூண்டது.

போஸ்னியாவின் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் உள்ள ஊர் ஸ்ரெப்ரெனிட்சா. சுற்று வட்டாரத்து முஸ்லிம்கள் உயிருக்குப் பயந்து அங்கே வந்து குவிந்தார்கள். 1993 ஏப்ரலில் ஐ.நா. சபை அந்த ஊரைப் "பாதுகாப்புப் பகுதி" என்று அறிவித்தது. பிறகு டச்சு நாட்டுச் சிப்பாய்கள் சில நூறு பேர் காவலுக்கு வந்தார்கள்.

ஐ.நா. கொடி பறக்கிறது, இனி பயம் இல்லை என்று ஜனங்கள் நம்பினார்கள்.

1995 ஜூலை 11-ந் தேதி போஸ்னிய செர்பிய ராணுவம் ஊருக்குள் நுழைந்தது. அதன் தளபதி ராட்கோ மிலாடிச். காவல் இருந்த பட்டாளம் தடுத்து நிறுத்தவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். காட்டு வழியாக ஓடியவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள்.

சில நாட்களுக்குள், 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள்!

யுத்தத்துக்கும் சட்டம் உண்டு

யுத்தம் என்றால் எல்லாம் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. கையைத் தூக்கிச் சரண் அடைந்தவனைக் கொல்லக்கூடாது. ஆயுதம் இல்லாத ஜனங்களைத் தொடக்கூடாது. 1949-ல் ஜெனிவா நகரில் உலக நாடுகள் கையெழுத்திட்ட விதிகள் இவை.

ஒரு இனத்தையே இல்லாமல் செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு கொல்வது இதையும் விடப் பெரிய குற்றம். அதற்குப் பெயர் இனப்படுகொலை. சர்வதேச சட்டத்தில் அந்தக் குற்றத்துக்குத் தனிப் பெயர் இல்லாமல் இருந்தது. போலந்து நாட்டு யூத வக்கீல் ரபேல் லெம்கின் என்பவர்தான் 1944-ல் அதற்கு ஒரு சொல்லை உண்டாக்கினார். ஹிட்லர் ஆட்சியில் தன் பெற்றோரையும் உறவினர்களையும் பறிகொடுத்தவர் அவர். 1948 டிசம்பரில் ஐ.நா. சபை அதைத் தடுக்க ஒப்பந்தம் செய்தது.

ஒப்பந்தம் ஏட்டோடு நின்றது! அதன்படி ஒரு சர்வதேச கோர்ட்டு முதன்முதலாக ஒருவனுக்குத் தண்டனை கொடுக்க 1998 வரை ஆயிற்று. ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டுப் படுகொலை வழக்கு அது. அதை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ்க் குடும்பத்தில், ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்தவர்.

ஸ்ரெப்ரெனிட்சா வழக்கு அப்படிப்பட்ட இன்னொரு கோர்ட்டுக்கு வந்தது. ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் 1993-ல் ஐ.நா. அமைத்த கோர்ட்டு அது. கோர்ட்டு இருந்தது. சாட்சி வேண்டுமே!

பிணங்கள் எங்கே?

பிரெஞ்சு போலீஸ் அதிகாரி ஜான் ரெனே ருயேஸ் தலைமையில் விசாரணை தொடங்கியது. முதலில் தப்பி வந்தவர்களிடம் கேட்டார்கள். பிணங்களுக்கு அடியில் பிணம் போலக் கிடந்து, இருட்டியதும் ஊர்ந்து தப்பிய சிலர் நடந்ததைச் சொன்னார்கள்.

பிறகு கொன்றவர்களில் ஒருவனே பேசினான். அவன் பெயர் டிராசென் எர்தெமோவிச். பிரான்யேவோ என்ற இடத்தில் உள்ள பண்ணைக்கு, ஜூலை 16-ந் தேதி பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டு வந்தார்கள் என்றான். வரிசையாக நிறுத்திச் சுட்டார்களாம். மொத்தம் சுமார் 1,200 பேர். அவன் மட்டும் ஏறத்தாழ 70 பேர். மறுத்தால் நீயும் அந்த வரிசையில் போய் நில் என்று மிரட்டியதாகவும் சொன்னான்.

அவனுக்குக் கிடைத்த தண்டனை முதலில் 10 வருஷம். அப்பீலுக்குப் பிறகு 5 வருஷம். 70 உயிருக்கு 5 வருஷமா என்று தாய்மார்கள் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. ஆனால் அவன் வாய் திறந்திராவிட்டால், அந்தப் பண்ணையில் நடந்தது பாதி கூட வெளியே வந்திராது.

அவன் சொன்னது நிஜமா? அமெரிக்க உளவு விமானம் வானத்தில் இருந்து எடுத்த படங்களைப் பார்த்தார்கள். ஜூலை 17-ந் தேதி படத்தில், அதே பண்ணையில் பிணங்கள் கிடந்தன. பக்கத்தில் குழி தோண்டும் யந்திரமும் இருந்தது!

இரண்டு முறை புதைத்தார்கள்

ஆனால் குழிகளைத் தோண்டிப் பார்த்தபோது அதிகாரிகள் திகைத்தார்கள். பல குழிகளில் இருக்கவேண்டிய அளவுக்குப் பிணங்கள் இல்லை!

நடந்தது இதுதான். வானத்தில் இருந்து படம் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஆகஸ்டிலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. உடனே குற்றவாளிகள் விழித்துக்கொண்டார்கள். செப்டம்பரிலும் அக்டோபரிலும் யந்திரங்களை வைத்துப் பிணங்களை வாரி, லாரிகளில் ஏற்றி, தொலைதூரக் கிராமப் பாதைகளின் ஓரத்தில் வேறு குழிகளில் கொட்டி மூடினார்கள்.

இரும்புப் பற்கள் கொண்ட யந்திரம் வாரினால் உடல் என்ன ஆகும்? ஒருவருடைய தலை ஒரு குழியில், கால் இன்னொரு குழியில் என்று சிதறியது.

அவர்கள் மறந்த ஒன்று உண்டு. பிணத்தை வாரும்போது மண்ணும் சேர்ந்து வரும். கோஸ்லுக் என்ற ஊரில் ஒரு பாட்டில் தொழிற்சாலை இருந்தது. அதன் பக்கத்துக் குழியில் உடைந்த பச்சைக் கண்ணாடித் துண்டுகளும், பாட்டிலில் ஒட்டும் லேபிள்களும் கிடந்தன. அதே கண்ணாடி, அதே லேபிள், தூரத்துப் பாதையோரக் குழியிலும் கிடைத்தன! மண்ணின் வகை, துப்பாக்கித் தோட்டாவின் கூடு, கண்ணைக் கட்டிய துணி, எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எந்தப் பிணம் எங்கிருந்து எங்கே போயிற்று என்று கண்டுபிடித்தார்கள்.

"இவர்கள் சண்டையில் செத்தவர்கள்" என்று ராணுவத் தரப்பு வாதாடியது. தோண்டி எடுத்ததில் கண் கட்டும் துணிகள் மட்டும் 448. கைகளைக் கட்டிய கயிறுகளும் கம்பிகளும் 423. கண்ணும் கையும் கட்டப்பட்டவன் எந்தப் போர்க்களத்தில் சண்டை போடுவான்?

2001 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தளபதி ராடிஸ்லாவ் கிர்ஸ்டிச்சுக்கு 46 ஆண்டு சிறை. அப்பீலில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. ஆனால் நடந்தது இனப்படுகொலைதான் என்பதை அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது.

தலைவர்கள் ஓடி ஒளிந்தார்கள். அரசியல் தலைவர் ரடோவன் கராஜிச், தாடி வளர்த்து, நாட்டு வைத்தியர் வேஷத்தில் பெல்கிரேட் நகரில் உலவினார். 2008-ல்தான் பிடிபட்டார். மிலாடிச் பிடிபட்டது 2011-ல். குற்றம் நடந்து 16 வருஷம்! இருவருக்கும் கடைசியில் ஆயுள் தண்டனை. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் கண்ணை மூடிவிட்டார்கள். இந்தத் தாமதம் உலகத்துக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. காவல் நிற்கும்போது காட்டவேண்டிய அக்கறையை, குழி தோண்டும்போது காட்டியது உலகம்.

டச்சு நாட்டு உச்ச கோர்ட்டு 2019-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. தங்கள் முகாமில் தஞ்சம் அடைந்த 350 ஆண்களை டச்சுப் பட்டாளம் வெளியே அனுப்பியதற்கு, டச்சு அரசாங்கத்தின் பொறுப்பு 10 சதவீதம். உயிருக்கும் சதவீதக் கணக்கு!

ஒரு சொட்டு ரத்தம்

"இவ்வளவு பணம் செலவு செய்து எலும்பைத் தோண்டி என்ன பயன்? போனவர்கள் திரும்பி வருவார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார்களிடம் கேட்கவேண்டும்.

பிணம் இல்லாத வீட்டில் துக்கம் முடிவதில்லை. புருஷன் இருக்கிறானா, இல்லையா? விதவையா, சுமங்கலியா? எங்கேயாவது சிறையில் இருப்பானோ? கதவு தட்டினால் மகனோ? இப்படியே வருஷங்கள் ஓடின.

எலும்பில் பெயர் எழுதியிராது. ஆனால் ரத்த உறவின் அடையாளம் எலும்புக்குள் இருக்கிறது. டி.என்.ஏ. என்பது அதன் பெயர். தாயின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எலும்போடு ஒப்பிட்டால், இது இவள் பெற்ற பிள்ளை என்று சொல்லிவிடலாம். காணாமல் போனவர்களைத் தேடும் சர்வதேச கமிஷன் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினர்களிடம் ரத்தம் சேகரித்தது. 2001 நவம்பரில் முதல் பெயர் கிடைத்தது. ஒரு 15 வயதுப் பையன்! பிறகு ஏறத்தாழ 7 ஆயிரம் பேருக்குப் பெயர் கிடைத்தது.

இன்றும், இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக, பொடொசாரி என்ற இடத்தில் வெள்ளைக் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 11-ந் தேதி, புதிதாக அடையாளம் தெரிந்தவர்களை அங்கே அடக்கம் செய்கிறார்கள். சில குடும்பங்களுக்குக் கிடைப்பது இரண்டொரு எலும்புதான். அதையே அடக்கம் செய்வதா, மிச்சமும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்று அவர்களே முடிவு செய்யவேண்டும். சிலர் அடக்கம் செய்துவிடுகிறார்கள். பிறகு வேறொரு குழியில் இன்னொரு எலும்பு கிடைத்தால், மூடிய கல்லறையைத் திறந்து அதையும் சேர்த்து வைக்கிறார்கள்.